பேறுகால மனைக்கு உரிமம் தருக!

தமிழ்நாட்டில் 100 குழந்தைகள் பிறந்தால், அவற்றுள் ஏறத்தாழ 45 குழந்தைகள் தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்படுகின்றன. இது மேடையிலே எவரோ வீசிய கணக்கன்று. சந்தையிலே உலவும் வதந்தியுமன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு எடுத்துரைக்கும் உண்மை. 44.9 விழுக்காடு! 2005–06ஆம் ஆண்டு ஆய்விலே இது ஏறத்தாழ 20 விழுக்காடு. 2015–16இலே 34.1 விழுக்காடு. இன்று இந்த அளவு. இந்தியா முழுமைக்கும் எடுத்துப் பார்த்தாலோ 21.5 விழுக்காடுதான்.

பதினைந்தே ஆண்டுகளில் நம் தாய்மார்களின் உடலமைப்பு மாறிவிட்டதா? இடுப்பெலும்பு சுருங்கிவிட்டதா? நாற்று நடும் பெண்ணும், தறி நெய்யும் பெண்ணும், தலையிலே கல் சுமக்கும் பெண்ணும், பிள்ளை பெறும் ஆற்றலை மட்டும் திடீரென்று இழந்துவிட்டார்களா? இல்லை. மாறியது பெண்ணின் உடலன்று. அவள் பிள்ளை பெறும் இடமும், அந்த இடத்தை ஆளும் முறையும்தான்.

இந்த மாற்றத்தை எண்ணிப் பார்க்கும் கடமை நமக்குண்டு. மருத்துவப் பொருள் நமக்கெதற்கு, அது மருத்துவர்கள் பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. எவள் உடலின்மீது எவருக்கு அதிகாரம் என்ற கேள்வியை எழுப்பி வளர்ந்த இயக்கம் இது. அந்தக் கேள்வி பிரசவ அறையின் வாயிற்படியிலே நின்றுவிடலாகாது.

பெருமையை மறக்கவில்லை

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். மருத்துவமனைக்குப் பெண்களை அழைத்து வந்தது தவறு என்று இக்கட்டுரை கூறவில்லை. அதே ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடைபெறுகின்றன. இது எளிதில் கிட்டிய பேறன்று. 1844ஆம் ஆண்டிலே சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை தோன்றிய காலத்தில், அதன் வாயிலை மிதிக்க அஞ்சிய குடும்பங்கள் எத்தனையோ! அந்த அச்சத்தைப் போக்கி, ஊர்தோறும் செவிலியரை நிறுத்தி, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து இரவும் பகலும் விளக்கெரியச் செய்து, 2008இலே 108 ஊர்தியை ஓடவிட்டு, முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் மகப்பேறு நிதியுதவியும் வழங்கி, படிப்படியாகக் கட்டிய கோட்டை அது. 2018–20ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஒரு லட்சம் பிறப்புகளுக்கு நிகழும் தாய் மரணம் இந்தியாவிலே 97, தமிழ்நாட்டிலே 54. இந்தக் கோட்டையின் ஒரு கல்லைக்கூட அசைக்க நாம் ஒப்போம்.

அறுவை மகப்பேற்றுக்கும் நாம் பகைவர் அல்லர். நஞ்சு கருப்பையின் வாயை மூடிக் கிடக்கும்போதும், குழந்தை குறுக்கே கிடக்கும்போதும், நாடித்துடிப்பு தளர்ந்து குழந்தை தவிக்கும்போதும், அந்தக் கத்தி உயிர் காக்கும் கத்தி. அதை ஏந்தும் கைகளை வணங்குவோம். நாம் கேட்பது ஒன்றே: தேவையுள்ள இடத்திலே பாயவேண்டிய கத்தி, தேவையற்ற இடத்திலும் பாய்வது ஏன்?

உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டிலே ஆராய்ந்து அறிவித்தது: ஒரு மக்கள் தொகையில் அறுவை மகப்பேறு 10 விழுக்காட்டைத் தாண்டி உயரும்போது, அந்த உயர்வினால் தாய் சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று. குறிப்பிட்ட விழுக்காட்டை எட்டுவது குறிக்கோளன்று, தேவைப்படும் ஒவ்வொருத்திக்கும் அறுவை கிட்டவேண்டும் என்பதையும் அது சேர்த்தே சொன்னது. சரி, 10 வேண்டாம், 15 வேண்டாம், 20 என்றே வைத்துக்கொள்வோம். 45க்கு என்ன விளக்கம்?

கத்தியின் பின்னே

தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு. அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு. ஒரே மாநிலம், ஒரே மக்கள், ஒரே காலம். கதவு மாறினால் கணக்கு ஏறத்தாழ இரட்டிக்கிறது! பணத்தாசை என்று ஒற்றைச் சொல்லால் முடித்துவிடத் தோன்றும். அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் பார்ப்பதுதான் அரசியல் அறிந்தோர்க்கு அழகு.

இயற்கைப் பேறு கடிகாரத்துக்குக் கட்டுப்படாது. முதற்பேறு பன்னிரண்டு மணி நேரமும் ஆகும். அதற்கு மேலும் ஆகும். அத்தனை நேரமும் அருகிலிருந்து, நாடி பார்த்து, முதுகைத் தடவி, நடக்கச் சொல்லி, தேற்றிக் காத்திருக்க ஓர் ஆள் வேண்டும். அறுவைக்கோ ஒரு மணி நேரம் போதும். நூறு பேர் வரிசையிலே நிற்கும் மருத்துவமனையில், காத்திருக்கும் கைகள் குறைவு. முடித்தனுப்பும் நெருக்கடி மிகுதி. இது ஒன்று.

1995ஆம் ஆண்டிலே உச்ச நீதிமன்றம், மருத்துவச் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் என்று தீர்ப்பளித்தது. நோயாளிக்கு அது நல்ல தீர்ப்பே. ஆனால், ‘ஏன் அறுத்தாய்?’ என்று கேட்டு எவரும் வழக்குமன்றம் செல்வதில்லை, ‘ஏன் அறுக்கவில்லை?’ என்று கேட்டே செல்கிறார்கள். அச்சம் கொண்ட மருத்துவர் கத்தியை நாடுகிறார். இது இரண்டு.

வலி பற்றிய பயம், நல்ல நாள் நல்ல நேரம் பார்க்கும் மூடத்தனம், பிரசவ அறையிலே கேட்க நேரும் ஏச்சு, ஒருமுறை அறுத்தவளுக்கு மறுமுறையும் அறுப்பதே வழக்கமாகிவிட்டமை – இவையும் சேர்கின்றன. சோதிடன் குறித்துக் கொடுத்த நேரத்துக்குக் குழந்தையை எடுத்துத் தரும் அவலத்தைப் பகுத்தறிவு பேசும் மண்ணிலே காண நேர்ந்ததே!

இதன் விலையை யார் தருகிறார்கள்? கூலிக்குச் செல்லும் பெண் தருகிறாள். வயிற்றிலே தையலோடு குடம் தூக்க முடியாது, களையெடுக்க முடியாது. வேலை இழந்த வாரங்களுக்கு ஈடு கிடையாது. தழும்பு ஏறிய கருப்பையிலே அடுத்த கருவின் நஞ்சு ஆழ வேரோடிப் பற்றிக்கொள்ளும் ஆபத்து, ஒவ்வோர் அறுவைக்கும் கூடிக்கொண்டே செல்லும். அப்போது பெருகும் குருதியை நிறுத்தப் பெரிய மருத்துவமனையே திணறும். இன்று தேவையின்றி எடுத்த கத்தி, நாளைய தாய் மரணத்துக்கு அச்சாரம் ஆகலாம்.

மனை என்பது யாது?

ஒரு பக்கம் பெரு மருத்துவமனை. மறுபக்கம் எந்த உதவியுமற்ற வீடு. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது இடம் ஒன்று உண்டு. அதுவே பேறுகால மனை.

மருத்துவமனையோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் சிறு இல்லம். அங்கே அறுவை அரங்கம் இராது. மயக்க மருந்து இராது. முறையாகப் பயின்று பதிவு பெற்ற பேறுகாலச் செவிலியர் இருப்பர். அவர்களே அதன் தலைவர்கள். எல்லாப் பெண்களையும் ஏற்கமாட்டார்கள். ஒற்றைக் குழந்தை, தலை கீழ்நோக்கிய நிலை, 37 வாரம் நிறைந்த கரு, குருதிக் கொதிப்பு இல்லை, நீரிழிவு இல்லை, முன்பு அறுவை இல்லை, குருதியிலே சத்துக் குறைவில்லை என்று ஆய்ந்து, இடர் குறைந்த தாய்மாரை மட்டுமே சேர்ப்பர். பெண் விரும்பியபடி நடக்கலாம், உட்காரலாம், உணவருந்தலாம். தாயோ கணவரோ தோழியோ உடனிருக்கலாம். குருதிப் பெருக்கை நிறுத்தும் மருந்தும், மூச்சுத் திணறும் சிசுவுக்கு உயிர்க்காற்று ஊட்டும் கருவியும் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். போக்கு மாறினால், ஊர்தி ஏற்றி, முன்பே உடன்படிக்கை செய்துகொண்ட மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவர்.

இது கனவா? இல்லை. 1975ஆம் ஆண்டிலே நியூயார்க் நகரில் இத்தகைய மனை ஒன்று திறக்கப்பட்டது. பின்னர் அமெரிக்கா எங்கும் பரவிற்று. அங்கே 84 மனைகளில் சேர்ந்த 11,814 பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1989இலே வெளியிட்டார்கள்: அறுவைக்குச் சென்றோர் 4.4 விழுக்காடு; ஒரு தாய்கூட இறக்கவில்லை. 2013இலே மீண்டும் ஓர் ஆய்வு. 79 மனைகள், 15,574 பெண்கள். அறுவை 6 விழுக்காடு.

இங்கிலாந்திலே 2011ஆம் ஆண்டு வெளியான பெரும் ஆய்வு இன்னும் உறுதியானது. இடர் குறைந்த 64,538 பெண்கள். மருத்துவமனை, அதனுள் அமைந்த செவிலியர் பிரிவு, தனித்து நிற்கும் மனை, வீடு என்ற நான்கு இடங்களையும் ஒப்பிட்டார்கள். தனி மனையிலே பெறத் திட்டமிட்டோரின் குழந்தைகளுக்கு, மருத்துவமனையைக் காட்டிலும் கூடுதல் தீங்கு காணப்படவில்லை. அறுவையோ, மருத்துவமனையிலே 11.1 விழுக்காடு, தனி மனையைத் தேர்ந்தோரிடையே 3.5 விழுக்காடு. இதன் விளைவாக 2014ஆம் ஆண்டிலே அந்நாட்டு மருத்துவ நெறிக்குழு, இடர் குறைந்த பெண்களுக்குச் செவிலியர் நடத்தும் பிரிவுகள் ஏற்றவை என்று பரிந்துரைத்தது.

தோழர்களே, சாதகமான எண்களை மட்டும் சொல்லிக் கைதட்டல் பெறுவது நமக்கு இழுக்கு. அதே ஆய்வு மற்றொன்றும் சொல்கிறது. தனி மனைக்குச் சென்றோரில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் பேற்றின்போதோ அதன்பின்னோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். முதற்பேற்றுக்காரர்களில் இது 36 விழுக்காடு. வீட்டிலே பெறத் திட்டமிட்ட முதற்பேற்றுக்காரர்களின் குழந்தைகளுக்குத் தீங்கு கூடுதலாகவே இருந்தது. அந்நாட்டு மனைக்கு வந்தோர் முன்பே ஆய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டோர் என்பதால், அங்குள்ள 3.5ஐ நம் மாநிலத்தின் 44.9ஓடு நேருக்கு நேர் நிறுத்துவதும் முறையன்று. ஆக, பாடம் என்ன? மனை நல்லது, ஆனால் தேர்வும் பயிற்சியும், மருத்துவமனைக்குச் செல்லும் வழியும் உறுதியாய் இருந்தால்தான் நல்லது. அந்த உறுதியை யார் தரமுடியும்? சட்டம்தான் தரமுடியும். உரிமம் வேண்டும் என்று நாம் கேட்பது அதனால்தான்.

தடையா? தான்தோன்றித்தனமா?

‘இந்த வம்பே வேண்டாம், தடை செய்துவிடுங்கள்’ என்பார் சிலர். ‘பிறப்பு இயற்கையானது, அரசுக்கு இங்கே என்ன வேலை?’ என்பார் வேறு சிலர். இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றும். ஆனால் இருவரும் பெண்ணைக் கொண்டுபோய் விடும் இடம் ஒன்றே: இருட்டறை.

2018 ஜூலையிலே திருப்பூரில் நிகழ்ந்ததை மறந்திருக்கமாட்டோம். மருத்துவமனை வேண்டாம் என்று முடிவெடுத்து, காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பேறு பார்த்தார்கள். குழந்தை பிறந்தது, குருதி பெருகித் தாய் மாண்டாள். 2025 ஏப்ரலிலே கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலும் வீட்டுப் பேற்றிலே ஒரு தாய் உயிரிழந்தாள். பேறுகால மரணங்களிலே குருதிப் பெருக்கினால் நிகழ்பவை மிகுதி. பயின்ற கையொன்று அருகிருந்து, உரிய மருந்தை உரிய நேரத்திலே ஏற்றி, உடனே ஊர்தியில் ஏற்றியிருந்தால், அவற்றுட் பலவற்றைத் தவிர்க்கலாம். கணவனும் காணொளியும் செவிலிக்கு ஈடாகா.

இத்தகையோரை ஏசுவது எளிது, தண்டிப்பதும் வேண்டியதே. ஆயினும், படித்த குடும்பங்கள்கூட மருத்துவமனையை அஞ்சி ஓடுவதேன் என்று கேட்கவேண்டாமா? 100க்கு 64 என்ற தனியார் கணக்கு அந்த அச்சத்துக்கு எரு இடவில்லையா? அச்சம் கொண்டவளுக்கு நேர்மையான மூன்றாவது வழி இல்லாதபோது, போலி வைத்தியன் வழிகாட்டி ஆகிறான். ‘இயற்கைப் பேறு’ என்று பலகை மாட்டிக்கொண்டு எவர் எங்கே என்ன செய்கிறார் என்று அறியும் வழியே அரசுக்கு இல்லாமற் போகிறது. தடை, செயலை ஒழிப்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாமல் மறைக்கிறது. உரிமமோ அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது.

பறிக்கப்பட்ட தொழில்

இங்கே வரலாற்றின் ஓர் ஏட்டைப் புரட்டுவோம். நம் ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் யார்? பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். மருத்துவச்சி என்று மக்கள் அழைத்தார்கள். தலைமுறை தலைமுறையாய் ஊரின் ஒவ்வொரு குழந்தையையும் முதலிலே தொட்டுத் தூக்கியது அந்தக் கைதான். ஆனால் அந்தக் கைக்குக் கிடைத்த மதிப்பு என்ன? தீட்டு! குழந்தை வேண்டும், குழந்தையை எடுத்த கை தீட்டு! குருதியிலே கைவைக்கும் வேலையைக் கீழ்ச்சாதிக்குத் தள்ளி, அந்த அறிவையும் கீழறிவு என்று ஒதுக்கியது வருணாசிரமம்.

புதுமருத்துவம் வந்தது. 1926ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பிறந்தது. பயின்றோரைப் பதிவேட்டில் ஏற்றியது. நன்று. தூய்மையும் பயிற்சியும் இல்லாத பழைய முறையால் மாண்ட தாய்மார்கள் ஏராளம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாடும் மடமை நமக்கு வேண்டாம். ஆயினும் ஒன்று நிகழ்ந்தது. அறிவியல் வந்தபோது, அதைக் கற்று உயர மருத்துவச்சிக்கு வாய்ப்புத் தரவில்லை. அவளை ஒதுக்கிவிட்டு நடந்தது அறிவியல். காலப்போக்கிலே செவிலியரும், தாமே பொறுப்பேற்றுப் பேறு பார்க்கும் நிலையிலிருந்து, மருத்துவர் சொன்னதைச் செய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். அறிவும் தொழிலும் இருந்தும் அதிகாரம் இல்லை. இது நமக்குப் பழக்கமான கதைதானே?

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அடிமைக் காலந்தொட்டு ஏழைகளுக்குப் பேறு பார்த்தவர்கள் கறுப்பினத்து மூதாட்டியர். மார்கரெட் சார்லஸ் ஸ்மித் அவர்களுள் புகழ்பெற்றவர். 1976ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றி, அவர்களுக்கு அளித்துவந்த அனுமதியை அம்மாநிலம் முடிவுக்குக் கொண்டுவந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து, 2017இலே பயின்ற பேறுகாலப் பணியாளர்க்கு மீண்டும் சட்ட வழி திறந்தது. பேறுகால மனைகள் எழும்பத் தொடங்கின. உடனே 2023இலே சுகாதாரத் துறை, மனை நடத்துவோர் மருத்துவமனைக்குரிய உரிமம் பெறவேண்டும் என்று விதி கொண்டுவந்தது. மனை நடத்துவோர் வழக்குமன்றம் ஏறினர்; 2025 மே மாதத்திலே விசாரணை நீதிமன்றம், அத்துறைக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்புரைத்தது.

இந்தக் கதையிலே நமக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. உரிமம் என்ற பெயராலேயே கழுத்தை நெரிக்கவும் முடியும்! அறுவை அரங்கம் வேண்டும், இத்தனை ஆயிரம் சதுர அடி வேண்டும் என்று சிறு மனைக்குப் பெருமருத்துவமனையின் அளவுகோலை வைத்தால், அது மறைமுகத் தடையே. பயிரைக் காக்கும் வேலியும் வேலிதான். பயிரையே மேயும் வேலியும் உண்டு. நாம் கேட்பது முதல் வகை.

சட்டம் எப்படி அமையவேண்டும்?

ஒன்றிய அரசு 2018இலே பேறுகாலப் பணிக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செவிலியர்க்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி அளித்து, அவர்கள் தலைமையிலே பேறு பார்க்கும் பிரிவுகளை அமைக்கச் சொன்னது. 2023இலே இயற்றிய செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் அத்தொழிலின் பெயரைத் தன் தலைப்பிலேயே தாங்கி நிற்கிறது. ஆனால் 2018 நெறி பேசுவது அரசு மருத்துவமனைகளின் உள்ளே அமையும் பிரிவுகளைப் பற்றியே. தமிழ்நாட்டிலே 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவன ஒழுங்குமுறைச் சட்டமும், 2018இலே வகுத்த விதிகளும் உள்ளன. மருத்துவரை நடுவாக வைத்துச் சிந்தித்த சட்டம் அது. பேறுகாலச் செவிலி தலைமை தாங்கும் தனி மனைக்கென்று அதிலே தனி வகையும், தனி அளவுகோலும் வகுக்கப்படவேண்டும்.

அதன் உள்ளடக்கம் கடினமானதன்று. பதிவு பெற்று, சிறப்புப் பயிற்சியும் முடித்த செவிலியே மனையின் பொறுப்பாளராக இருத்தல் வேண்டும். பேறு நிகழும் ஒவ்வொரு வேளையும் பயின்றோர் இருவர் உடனிருத்தல் வேண்டும். ஒருவர் தாய்க்கு, ஒருவர் சேய்க்கு. யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கலாகாது என்பது விதியிலேயே எழுதப்படவேண்டும். அறுவை வசதியும் குருதி வங்கியும் உள்ள மருத்துவமனையோடு எழுத்து வடிவிலான உடன்படிக்கை வேண்டும். அரசு மருத்துவமனை அத்தகைய உடன்படிக்கையை மறுக்கலாகாது. 108 கட்டமைப்போடு மனை இணைக்கப்படவேண்டும். எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் மாற்றப்பட்டனர், விளைவு என்ன என்பதை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். தாய் மரணம் ஒவ்வொன்றையும் ஆராயும் நம் மாநில முறையிலே மனையும் அடங்கவேண்டும். கட்டணம் பலகையிலே எழுதப்படவேண்டும். உரிமமின்றி நடத்துவோர்க்குக் கடுந்தண்டனை வேண்டும்.

முதல் மனைகளை அரசே திறக்கவேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். இல்லையேல், நகரத்துச் செல்வர்க்கு நீர்த்தொட்டியும் மெல்லிசையும், சிற்றூர்ப் பெண்ணுக்கு வழக்கமான வரிசையும் என்ற கேலிக்கூத்தாக இது முடியும். ஆரம்பச் சுகாதார நிலையங்களிலே செவிலியர் பேறு பார்த்த அனுபவம் நமக்கு உண்டு. பேற்றின்போது உறவுப்பெண் உடனிருக்கும் முறையை அரசு மருத்துவமனைகளில் 2004இலேயே கொண்டுவந்த மாநிலம் இது. அடித்தளம் இருக்கிறது, அதன்மீது எழுப்பவேண்டியதே மிச்சம்.

கேட்கப்படும் கேள்விகள்

‘கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சோகை பிடித்தவர்களாக உள்ள நாட்டிலே இது பொருந்துமா?’ நியாயமான கேள்வி. சோகையுள்ளவள் சிறிது குருதி இழந்தாலும் தாங்கமாட்டாள். ஆகவே அவளை மனையிலே சேர்க்கலாகாது. சோகை நீக்கிய பின்பே சேர்க்கலாம். கருவுற்ற காலந்தொட்டே ஒரே செவிலி தொடர்ந்து கவனிக்கும் மனை முறை, அந்தச் சோகையைக் கண்டு நீக்குவதற்கும் உதவும்.

‘அப்படியானால் அறுவை 45இலிருந்து ஒரேயடியாக வீழ்ந்துவிடுமா?’ வீழாது. தனியார் மருத்துவமனையின் கட்டணமுறை, செவிலியர் பற்றாக்குறை, சோதிட மயக்கம் ஆகியவற்றையும் தனித்தனியே எதிர்க்கவேண்டும். மனை ஒரு வாயில், ஒரே வாயிலன்று. ஆனால் இயற்கையாகப் பெறக்கூடியவள் அப்படியே பெறுகிறாள் என்பதைக் கண்முன்னே மெய்ப்பித்துக் காட்டும் அளவுகோலாக அது நிற்கும். அளவுகோல் ஒன்று எழுந்துவிட்டால், கோணல் தானே தெரியும்.

‘மருத்துவர்கள் எதிர்ப்பார்களே?’ சிலர் எதிர்க்கலாம். நல்ல மருத்துவர்கள் ஆதரிப்பார்கள். இடர் குறைந்த பேறுகளைச் செவிலியர் ஏற்றுக்கொண்டால், இடர் மிகுந்தவர்களை ஊன்றிக் கவனிக்க மருத்துவருக்கு நேரம் கிட்டும். இது மருத்துவருக்கு எதிரான ஏற்பாடன்று, வேலைப்பகிர்வு. இங்கிலாந்திலே 1902ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிப் பேறுகாலச் செவிலியரைப் பதிவு செய்தார்கள். அதனால் அங்கே மருத்துவம் அழிந்துவிடவில்லை.

‘பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்கிறீர்களா?’ இல்லை. பழைய மருத்துவச்சியின் பொறுமையை, புதிய அறிவியலின் தெளிவோடு இணைக்கச் சொல்கிறோம். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு நாள் குறிக்கும் சோதிடனையும் வேண்டாம் என்கிறோம். எவளைக் கண்டாலும் கத்தியை எடுக்கும் அவசரத்தையும் வேண்டாம் என்கிறோம்.

நம் கடமை

1912ஆம் ஆண்டிலே மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் சென்னைச் சட்டமன்றத்திலே அமர்ந்து, பெண்ணின் உடலைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் கொடுமையை எதிர்த்துக் குரலெழுப்பினார் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். மருத்துவமும் சட்டமும் கைகோத்தால் என்ன நிகழும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அவர் பெயரால் நிதியுதவி வழங்கும் நாடு, அவர் காட்டிய வழியிலே சட்டமும் வழங்கட்டும்.

தோழர்களே! இது மருத்துவக் கல்லூரி மண்டபத்திலே மட்டும் பேசி முடிக்கவேண்டிய பொருளன்று. உங்கள் ஒன்றியத்திலே, உங்கள் வட்டத்திலே, தாய்மார்களைக் கூட்டிப் பேசுங்கள். எத்தனை பேருக்கு அறுவை நடந்தது, காரணம் சொல்லப்பட்டதா என்று கேளுங்கள். ஊர்ச் செவிலியரை அழைத்து, அவர்கள் கற்ற தொழிலைச் செய்ய என்ன தடை என்று கேளுங்கள். மகளிரணிக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்டத்துக்கு அனுப்புங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கேள்வியாகக் கொடுங்கள். வீட்டிலே தனியே பெறுவது வீரம் என்று எவரேனும் பேசினால், திருப்பூரை நினைவூட்டுங்கள். அறுப்பதே நாகரிகம் என்று எவரேனும் பேசினால், 44.9ஐ நினைவூட்டுங்கள்.

பள்ளிக்கு உரிமம் உண்டு. பட்டாசுக் கடைக்கு உரிமம் உண்டு. திரைப்படக் கொட்டகைக்கு உரிமம் உண்டு. மனிதன் மண்ணிலே வந்து விழும் முதல் இடத்துக்கு, பெண்ணின் மாண்பையும் உயிரையும் ஒருங்கே காக்கும் ஓர் உரிமத்தை வழங்க, நல்லாட்சி எதுவும் தயங்கலாகாது. தயங்கினால், கேட்கும் குரல் நம்முடையதாக இருக்கட்டும்.